மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும்

கபோலா மலை மிஷன் பள்ளி
6 பிப்ரவரி 2009

தெம்வானிக்கு,

நீயும் லுசுங்குவும் அங்கே நலமென்றால் நானும் இங்கே நலம், முழங்காலை விட்டுவிட்டால்.

போன வாரம் பள்ளிக் கூரையில் பெரிய ஆன்டெனாத் தட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். இனி எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் மூன்றும் ம்சூசுவில் இருக்கும் உங்கள் தலைமையகத்தோடு பேசுமாம். பேசுகிறது, ஆனால் என்னோடு இல்லை. நீ பொறுப்பாகப் பார்க்கும் சர்வரில் 'ரிப்போர்ட்ஸ்' ஃபோல்டரைத் திறக்கப் போனால் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்கிறது. என் பெயரைப் போட்டேன். ஆளைத் தெரியாது என்றது.

காரணம் எனக்குப் புரிகிறது. எங்களுடையது வெறும் ஒர்க்குரூப். மூன்று கம்ப்யூட்டரும் சம அந்தஸ்து, ஒன்றுக்கொன்று தலைவன் இல்லை. என் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது என் மேசையில் இருப்பது மட்டும்தான். உங்களுடையது டொமைன். எல்லார் பெயரும் ஒரே இடத்தில், ஒரு பட்டியலில். அந்தப் பட்டியலில் நான் இல்லை. சரித்திரத்தில் பட்டம் வாங்கி, இந்தச் சங்கத்தில் பத்தொன்பது வருடம், அதில் பதினொரு வருடம் இந்த மலையில். பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இது போதவில்லை.

எனக்கு ஒரு அக்கவுண்ட் வாங்கித் தா. இல்லையென்றால் மாதாமாதம் மாணவர் அறிக்கையை ஒரு சின்ன யூஎஸ்பி குச்சியில் ஏற்றிக்கொண்டு, மிஷன் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். உன் மேலதிகாரி சிரம்போவிடம் கேள். நேர்முகத் தேர்வில் என்னைத் தள்ளிவிட்டு உன்னை எடுத்தவர்தானே, உன் பேச்சைக் கேட்பார்.

உன் அண்ணி எஸ்னாத்தை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்த்தால் மழைக்கோட்டை அனுப்பச் சொல்.

உன் அண்ணன்,
வெட்சன் லுஹாங்கா


ம்சூசு
11 பிப்ரவரி 2009

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்காலும் சுகப்பட வேண்டும். லுசுங்கு ஃபார்ம் டூ வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். மாமாவிடம் மறக்காமல் சொல்லச் சொன்னாள்.

சிரம்போ ஐயாவிடம் கேட்டேன். "மலை ஸ்கூல் மெஷினெல்லாம் டொமைன்ல சேந்தப்புறம் பாக்கலாம்மா" என்றார். உங்கள் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்க்க முடியாது என்று அவருக்கே தெரியும். "அப்ப புது மெஷின் எப்ப வரும்?" என்றேன். "கர்த்தர் வரதுக்கு முன்னாடி வந்துரும்" என்று சிரித்தார்.

நீங்கள் லாரியில் ஏறி இறங்குவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதோடு ஒரு துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். அதில் என் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. முதலில் எங்கள் டொமைனின் பெயர், பிறகு சாய்கோடு, பிறகு என் பெயர். அப்படியே போடுங்கள். டொமைன் பெயரை விட்டால் உங்கள் கம்ப்யூட்டர் தன் பெயரையே நீட்டும், சர்வர் விரட்டிவிடலாம்.

ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர் மட்டும். ஈஸ்டர் வரைக்கும் மட்டும். நான் நெட்வொர்க் பொறுப்பாளர் என்பதால் என் பெயருக்கு எல்லாக் கதவும் திறக்கும். பாஸ்வேர்டை யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லுசுங்குவின் அப்பா ஜோகன்னஸ்பர்க் போய் மூன்று வருடம், ஒரு செய்தி இல்லை. இந்த வேலைதான் எங்கள் கூரை. சீட்டைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

மழைக்கோட்டு டிரைவர் ந்யசுலுவிடம் இருக்கிறது.

உங்கள் நலம் நாடும்,
தெம்வானி


கபோலா
27 பிப்ரவரி 2009

தெம்வானிக்கு,

மழைக்கோட்டு வந்தது. ஒரு பொத்தான் இல்லை. மற்றபடி நலம். லுசுங்குவுக்கு என் வாழ்த்து.

சீட்டை எரித்துவிட்டேன். கதவு திறந்தது. ஜனவரி அறிக்கை உன்னிடம் வந்திருக்கும். தினமும் அந்த நீளப் பெயரைத் தட்டுவது தொல்லையாக இருந்தது. இங்கே தட்டு வழியாக ஒவ்வொரு எழுத்தும் மாட்டுவண்டியில் போகிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இப்போது காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் உங்கள் ஃபோல்டர்கள் தானாகவே வந்து நிற்கின்றன, ஒரு கேள்வியும் கேட்காமல். எப்படி என்று கேட்காதே. சிரம்போ நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

உன் பெயருக்கு எத்தனை கதவுகள். ஊழியர் இடமாற்றத்துக்குக்கூடத் தனி ஃபோல்டர் இருக்கிறது போல. வெளியிலிருந்து பெயரை மட்டும்தான் பார்த்தேன். இந்த வருடமும் இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறேன், உனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் குறிப்பு எழுதுவது யார்? சும்மா கேட்கிறேன்.

வெட்சன்


ம்சூசு
11 மார்ச் 2009

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தைக் கர்த்தர் காக்கட்டும்.

அறிக்கை வந்தது, நன்றி. அந்த "வழி" எதுவானாலும் எடுத்துவிடுங்கள் அண்ணா. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டரை விடாதீர்கள். கை வலித்தாலும் ஒவ்வொரு முறையும் தட்டுங்கள். மற்ற ஃபோல்டர் பக்கம் போகவே வேண்டாம்.

இடமாற்றப் பட்டியல் மிஸஸ் ஜெரேயின் வேலை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

சோசோ சித்தப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். முடிந்தால் ஒருமுறை வந்து பாருங்கள்.

தெம்வானி


கபோலா
9 ஏப்ரல் 2009

தெம்வானிக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள்.

சித்தப்பாவின் அடக்கத்துக்கு நான் வராததைப் பற்றி ரும்பியில் எல்லாரும் பேசியிருப்பார்கள். சனிக்கிழமை பாலம் முழுகிக் கிடந்தது. பேசட்டும்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தாய். நல்லது. எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மலைக்காரன்,
வெட்சன்


ம்சூசு
22 ஏப்ரல் 2009

அண்ணா,

சுகம் விசாரிக்கக்கூட மனம் நிற்கவில்லை.

மிஸஸ் ஜெரே இடமாற்றப் பட்டியலை ஏப்ரல் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ஒருமுறை அச்செடுத்தார். திங்கட்கிழமை மறுபடி எடுத்தபோது ஒரு வரி குறைந்திருந்தது. பதினான்காம் எண்ணுக்கு எதிரே இருந்த குறிப்பு காணவில்லை. பதினான்கு உங்கள் எண். ஃபைலைக் கடைசியாகத் திருத்தியவர் என்று சர்வர் காட்டுவது என் பெயரை. ஏப்ரல் நாலு, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது.

அந்த நேரத்தில் நான் ரும்பியில், சித்தப்பா வீட்டு வாசலில், தலையில் தண்ணீர்ப் பானையோடு நின்றிருந்தேன். தலைமையகத்துப் பாடகர் குழு முழுவதும் பஸ்ஸில் வந்து இறங்கி என்னைப் பார்த்தது. சிரம்போ ஐயாவே கையைப் பிடித்து, "தைரியமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் செய்யவில்லை என்பதற்கு நூறு சாட்சி. அதனால்தான் மாட்டிக்கொண்டேன். நான் அங்கே இருந்தேன் என்றால் என் பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருந்தது. "யாருகிட்டம்மா குடுத்த?" இதைத்தான் தினமும் கேட்கிறார்கள். யாரிடமும் இல்லை என்கிறேன். மிஸஸ் ஜெரே என் முகத்தைப் பார்க்காமல், "பதினாலாம் நம்பருக்கு மட்டும் கை முளைச்சு வந்துச்சாக்கும்" என்றார்.

அவர்களிடம் சந்தேகம் இருக்கிறது, ஆதாரம் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவில் ஒரு வாரப் பக்கம்தான் நிற்கும். விஷயம் ஈஸ்டருக்குப் பிறகுதான் கிளம்பியது, அதற்குள் ஏப்ரல் நாலின் பக்கம் போய்விட்டது. மே இருபத்தைந்து, இருபத்தாறில் விசாரணை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

நீங்கள்தானா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தெம்வானி


ம்சூசு
29 ஏப்ரல் 2009

அண்ணா,

லாரி வந்தது, உங்கள் கடிதம் வரவில்லை. "ஐயா கைய ஆட்டுனாரு, லெட்டர் ஒண்ணும் குடுக்கல" என்றார் ந்யசுலு.

ஐந்து நாளாகக் காலை ஏழு நாற்பதுக்கு என் அக்கவுண்ட் பூட்டிக்கொள்கிறது. தவறான பாஸ்வேர்டு மூன்று முறை வந்தால் சர்வர் பூட்டிவிடும். நான் அந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கிறேன். இன்று பதிவைத் திறந்து பார்த்தேன். தட்டுகிற கம்ப்யூட்டரின் பெயர் கபோலா-2.

உங்கள் "வழி" என்ன என்று இப்போது புரிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே என் பெயரில், என் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி, அதில்தான் தினமும் நுழைகிறீர்கள். இரண்டு பக்கமும் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்ததால் சர்வர் நான்தான் என்று நம்பி உள்ளே விட்டது. இப்போது நான் இங்கே மாற்றிவிட்டேன், உங்களிடம் பழையது. காலையில் நீங்கள் பொத்தானை அமுக்கினால் போதும், அது என் பெயரைச் சொல்லிப் பழைய சாவியால் என் கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் இங்கே பதிவாகிறது.

போன ஆதாரத்தை நீங்களே தினமும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மே நாலாம் தேதியிலிருந்து சர்வர் அறைச் சாவி என்னிடம் இருக்காது. சிரம்போ ஐயா பார்ப்பார். அதற்குள் அந்த யூசரை அழித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தெம்வானி


கபோலா
8 மே 2009

தெம்வானிக்கு,

நானேதான். பாலம் முழுகவில்லை. ஊரே அடக்கத்துக்குப் போன சனிக்கிழமை, அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

"14. வெட்சன் லுஹாங்கா. மலையிலேயே இருக்கட்டும். தெ.கு."

தெ.கு. தெம்வானி குமுவெண்டா. என் தங்கை.

சிரம்போ எழுதியிருந்தால் சிரித்திருப்பேன், பழகிவிட்டது. மிஸஸ் ஜெரே எழுதியிருந்தால் மறுநாள் மறந்திருப்பேன். பதினொரு வருடமாக என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கும் கை எது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு "அன்புள்ள அண்ணா" என்று எழுதும் கையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும்தான் அழித்தேன். என் பெயரை நான் எங்கும் சேர்க்கவில்லை. அவ்வளவு மானம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எஸ்னாத்தும் நானும் வருடத்தில் நாற்பது நாள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். நீ எண்ணிப் பார்த்திருக்க மாட்டாய்.

யூசரை அழிக்கப் போவதில்லை. நாளைக் காலையும் ஏழு நாற்பதுக்குப் பொத்தானை அமுக்குவேன். தட்டட்டும்.

வெட்சன்


ம்சூசு
13 மே 2009

அண்ணா,

ஆம், நான்தான் எழுதினேன். இந்த வருடம் மட்டும். மற்றப் பத்து வருடம் யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் இடமாற்றம் கேட்டது தலைமையகத்துப் பதிவேட்டுப் பிரிவுக்கு. அந்தப் பிரிவை ஜூலையில் மூடுகிறார்கள். அதில் இருக்கும் நாலு பேருக்கும் வேலை இல்லை. இன்னும் அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த உத்தரவு சர்வரில் இருக்கும் காரணத்தால்தான். வெளியே சொல்லமாட்டேன் என்று அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம். மலை ஊழியர்களைத் தொடப்போவதில்லை என்று அந்த உத்தரவிலேயே இருந்தது. மிஸஸ் ஜெரேயிடம் போய், "அண்ணனுக்கு முழங்கால் சரியில்ல, பயணமெல்லாம் வேணாம், அங்கயே இருக்கட்டும்னு எழுதுங்க" என்றேன். "உன் பேரப் போட்டு நீயே எழுதும்மா" என்றார்.

உங்களிடம் சொல்லியிருக்கலாம். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி அனுப்பத் துணிந்தவளுக்கு இதை எழுதத் துணிச்சல் வரவில்லை. உங்களுக்குச் சொன்னால் அந்த நாலு பேருக்கும் சொல்லுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் அப்படிப்பட்டவர்தான்.

சிரம்போ ஐயா இன்னும் பதிவைத் திறக்கவில்லை. திறக்கும் நாள் எதுவென்று தெரியாது. விசாரணையில் உங்கள் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். நான் போனால் நான் மட்டும் போவேன். நீங்கள் பொத்தானை அமுக்கினால் இரண்டு பேரும் போவோம். அவ்வளவுதான் கணக்கு.

தெம்வானி


ம்சூசு, எஸ்னாத் வீடு
25 மே 2009, திங்கள்

தெம்வானிக்கு,

நலமா என்று கேட்க இது நேரமில்லை. நாம் சந்திக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள், அதனால் எஸ்னாத்திடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உள்ளே நான் சொன்னது உனக்குத் தெரிய வேண்டும். நாளை உன் முறை.

வெள்ளிக்கிழமை லாரியில் கபோலா-2 பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்று காலை கூப்பிடாமலே உள்ளே போனேன். விசாரணைக் குழுவில் பாஸ்டர் ம்பாண்டே நடுவில், ஒரு பக்கம் சிரம்போ, இன்னொரு பக்கம் மிஸஸ் ஜெரே.

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்றார் சிரம்போ.

"நீங்க கூப்பிட்டிருக்கணும். மூணு வாரமா பதிவத் திறந்து பாக்கத் தெரியாம உக்காந்திருக்கீங்க, சரி நாமளே போவோம்னு வந்தேன்."

"இது என்ன பெட்டி?"

"தினம் காலைல குமுவெண்டா அம்மா கதவத் தட்டுற ஆளு."

மேசையிலேயே இணைத்துப் பொத்தானை அமுக்கினேன். திரையில் உன் பெயர் வந்தது. சிரம்போ எழுந்து போய் சர்வரைப் பார்த்துவிட்டு வந்தார். "பூட்டிக்கிச்சு பாஸ்டர்" என்றார்.

"பாஸ்வேர்டு உங்களுக்கு யாரு குடுத்தா?" என்று பாஸ்டர் கேட்டார்.

"யாரும் குடுக்கல. கிறிஸ்துமஸ் லீவுல இங்க வந்தப்ப அவளுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். திருடிட்டேன்னு எழுதிக்குங்க."

"கண்ணாடி போட்டும் பாட்டுப் புத்தகத்த முழங்கை தூரத்துல புடிச்சுப் படிக்கிற ஆளு நீங்க" என்றார் மிஸஸ் ஜெரே.

"அவ ஒவ்வொரு எழுத்தையும் கோழி கொத்துற மாதிரி கொத்துவா அம்மா. குருடனுக்கும் தெரியும்."

பாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு எழுதச் சொன்னார்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேலை இல்லை, ஓய்வூதியமும் சந்தேகம்.

நாளை நீ இதையே சொல். கிறிஸ்துமஸுக்கு மறுவாரம், உன் அறை, நான் பின்னால் நின்றேன், நீ கவனிக்கவில்லை. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. சீட்டு சாம்பலாகிவிட்டது. உன் வேலை நிற்கும்.

அந்தக் குறிப்பை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. காரணம் நல்லதுதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு எது நல்லது என்று அவனைக் கேட்காமல் முடிவு செய்தாய். அது வேறு வழக்கு.

வெட்சன்


ம்சூசு
3 ஜூன் 2009

அன்புள்ள அண்ணா,

நானும் லுசுங்குவும் சுகம். நீங்களும் மலைக்குச் சுகமாகத் திரும்பியிருப்பீர்கள். தீர்ப்பு நேற்றுதான் வந்தது. அதுவரை எழுதக் கூடாது என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை என் வீட்டுக் கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். பாஸ்டர் கேட்டார், "அண்ணன் பின்னாடி நின்னத நீ கவனிக்கலையாம்மா?"

"நிக்கல பாஸ்டர். நான்தான் எழுதி அனுப்புனேன்" என்றேன்.

மிஸஸ் ஜெரே பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "ஏம்மா, ஆளு தலையக் குடுத்து உன்ன வெளிய தள்ளிட்டுப் போயிருக்காரு. நீ திரும்ப உள்ள வர்றியே" என்றார். சிரம்போ ஐயா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபப்படாதீர்கள் அண்ணா. அந்தப் பொய்யை நான் சொல்லியிருந்தால் நீங்கள் வேலை போன திருடன், நான் நல்ல தங்கை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் நான் எப்படி உட்காருவேன்? அதோடு, உங்களை எனக்குத் தெரியும். சாகும்வரை என்னிடம் இதைச் சொல்லிக்காட்டமாட்டீர்கள். சொல்லிக்காட்டாமலே பார்ப்பீர்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது.

தீர்ப்பு இது. நீங்கள் திருடவில்லை, நான் கொடுத்தேன் என்பதால் உங்களை விலக்கவில்லை, கட்டாய ஓய்வு. ஓய்வூதியம் பாதியாவது வரும். என்னையும் விலக்கவில்லை. நெட்வொர்க் பொறுப்பு போய்விட்டது. எழுத்தர் வேலை, கபோலா மலையில், உங்கள் நாற்காலியில். மூன்று வருடத்துக்கு இடமாற்றம் கேட்கக் கூடாது.

லுசுங்குவைப் பள்ளி மாற்ற முடியாது. அவளை வைத்துக்கொள்வீர்களா என்று அண்ணியிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் கேப்பாங்களா?" என்று கட்டிலைக்கூடப் போட்டுவிட்டார். பதினெட்டாம் தேதி லாரியில் வருகிறேன்.

உங்கள் தங்கை,
தெம்வானி


கபோலா
12 ஜூன் 2009

தெம்வானிக்கு,

நீ நலமாக வந்து சேர். இங்கே ஜூன் மாதக் குளிர் ம்சூசுக் குளிர் மாதிரி இல்லை. கம்பளி இரண்டு எடுத்து வா. ஒன்று நாற்காலியில் போட, ஒன்று தோளில்.

நான் சொன்னபடி சொல்லியிருந்தால் ஒரு ஆளுக்காவது முழு வேலை மிஞ்சியிருக்கும். உன் நேர்மையால் இரண்டு அரைகள் மிஞ்சியிருக்கின்றன. இதை நான் மறக்கமாட்டேன், எழுதிவைத்துக்கொள்.

அலுவலகக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் திறக்க வேண்டும். மின்சாரம் ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்வரும், அந்த நேரத்தில் எதையும் திறந்து வைக்காதே. கபோலா-2இல் இருந்த உன் பெயரை அழித்துவிட்டேன். ஆற்றங்கரை வீட்டு எம்மா மரவள்ளிக் கிழங்கு மாவு கொண்டுவருவாள். நல்ல மாவு, ஆனால் ஒரு மணி நேரம் பேசுவாள். தலைமையாசிரியர் எதைக் கேட்டாலும் "அப்புறம்" என்பார். அதற்கு "வேண்டாம்" என்று பொருள், மூன்றாவது தடவை கேட்டால் தருவார். மழைக்கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். இங்கே அது இல்லாமல் முடியாது.

லுசுங்குவுக்கு மாலையில் கணக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். சரித்திரமும் கொஞ்சம்.

உன்னை ஏற்றிவரும் லாரியில்தான் நான் இறங்க வேண்டும். அந்த வாரம் வெள்ளி வரை நிற்காது, அன்றைக்கே திரும்புகிறது என்றார் ந்யசுலு. சாமான் இறக்க இருபது நிமிடம் ஆகும். அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பேன். தேநீர் குடிக்கலாம். பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

உன் அண்ணன்,
வெட்சன்